1950இல் கார்ட்டர் சகோதரிகள் கிராண்ட் ஓல் ஆப்ரியில் சேர்ந்தது: செட் அட்கின்ஸ் நிபந்தனை, ஒற்றை மைக், ஆட்டோஹார்ப்

#1 நள்ளிரவு நேயர்

அமெரிக்கக் கன்ட்ரி இசையின் மதர் மேபெலும் அவர் மகள்களான கார்ட்டர் சகோதரிகளும் 1950இல் நாஷ்வில் வந்து, டபிள்யூ.எஸ்.எம். வானொலியின் சனிக்கிழமை இரவு மேடை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியில் சேர்ந்ததைப் பற்றி ஒரே இடத்தில் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். எனக்கு மூன்று கேள்விகள்.

ஒன்று, 1927இல் பிரிஸ்டலில் பதிவு செய்த கார்ட்டர் குடும்பம் அவ்வளவு பேர் வாங்கியிருந்தும், ஆப்ரிக்கு ஏன் 1950 வரை வரவில்லை? இரண்டு, அவர்கள் குழுவின் கித்தார்க்காரர் செட் அட்கின்ஸைக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது என்று ஆப்ரி சொன்னதாகப் படித்தேன். ஏன் அப்படி? மூன்று, அக்கார்டியன், டபுள் பேஸ், கித்தார், ஆட்டோஹார்ப், நான்கு பெண் குரல், இவ்வளவையும் ஆப்ரி அப்போது நடந்த ரைமன் அரங்க மேடையில் எப்படி ஒலிக்கலவை செய்தார்கள்?

#2 ரைமன் படிக்கட்டு

முதல் கேள்விக்கு வருகிறேன். அதில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதை முதலில் எடுத்துவிட வேண்டும்.

பிரிஸ்டலில் பாடியவர்கள் மூன்று பேர்: ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, ஏ.பி.யின் தம்பி எஸ்ராவின் மனைவி மேபெல். சாராவும் மேபெலும் ஒன்றுவிட்ட சகோதரிகள், அண்ணன் தம்பியைக் கட்டியதால் ஓரகத்திகளும்கூட. 1927 ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் முன்னால் ஆறு பாட்டுப் பதிவானது. இந்த மூவர் குழு ஆப்ரியில் ஒருநாளும் உறுப்பினராக இருந்ததில்லை. அவர்களுடைய பெரிய வானொலி வாழ்க்கை 1938க்குப் பிறகு மெக்சிகோ எல்லையில் இருந்த எக்ஸ்.இ.ஆர்.ஏ. நிலையத்தில். அமெரிக்கச் சட்டத்துக்கு எட்டாத இடத்தில் நின்றுகொண்டு பெரும் சக்தியில் ஒலிபரப்பிய நிலையம் அது. மேபெலின் பெண்கள் ஹெலன், ஜூன், அனிட்டா மூவரும் சின்ன வயதிலேயே அங்கே மைக் முன்னால் நின்றுவிட்டார்கள்.

ஏ.பி.யும் சாராவும் பிரிந்து, சாரா 1939இல் மறுமணம் செய்துகொண்டார். அதற்குப் பிறகும் சில காலம் வேலைக்காகச் சேர்ந்து பாடினார்கள், 1943இல் அது முடிந்தது. சாரா கலிஃபோர்னியா போய்விட்டார். கையில் கித்தாரும் வளர்ந்த மூன்று பெண்களும் மேபெலுக்கு மிச்சம். ஆகவே 1950இல் ஆப்ரிக்கு வந்தது இரண்டாவது குழு. பழைய பெயரை அப்போது அவர்கள் வைத்துக்கொள்ளவும் இல்லை. 1960இல் ஏ.பி. இறந்த பிறகுதான் 'கார்ட்டர் குடும்பம்' என்ற பெயர் இவர்களிடம் வந்தது. பழைய பாட்டு கேட்டுவிட்டு "இதில் ஜூன் குரல் எங்கே" என்று தேடுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

#3 ரைமன் படிக்கட்டு

தொடர்ச்சி. நாஷ்வில் வரும் முன் அவர்கள் ஏறிய படிகளைப் பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்வி பாதி புரிந்துவிடும்.

1946இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட், டபிள்யூ.ஆர்.வி.ஏ. நிலையத்தின் ஓல்ட் டொமினியன் பார்ன் டான்ஸ் நிகழ்ச்சி. 1948இல் டென்னசியின் நாக்ஸ்வில், டபிள்யூ.என்.ஓ.எக்ஸ். அங்கேதான் செட் அட்கின்ஸ் குழுவில் சேர்ந்தார். 1949இல் மிசூரியின் ஸ்ப்ரிங்ஃபீல்ட், கே.டபிள்யூ.டி.ஓ. 1950இல் நாஷ்வில், டபிள்யூ.எஸ்.எம்.

நான்கு வருடத்தில் நான்கு ஊர். இது அலைச்சல் இல்லை, அந்தக் காலத் தொழில்முறையே அப்படித்தான். ஒரு நிலையத்தின் அலை எட்டும் வட்டத்துக்குள் பள்ளிக்கூட அரங்கம், கோர்ட் கட்டடம், சினிமாக் கொட்டகை என்று பாடிச் சம்பாதிப்பார்கள். காலை நிகழ்ச்சியில் "இன்று இரவு இந்த ஊரில்" என்று அறிவிப்பதுதான் விளம்பரம். ஒன்றரை, இரண்டு வருடத்தில் அந்த வட்டத்தில் எல்லா ஊரும் பார்த்தாகிவிடும், கூட்டம் குறையும். அடுத்த நிலையத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். வண்டி, கணக்கு, பேரம் எல்லாம் பெரும்பாலும் அப்பா எஸ்ரா, 'எக்' என்று கூப்பிடுவார்கள். ரயில்வே தபால் பிரிவில் வேலை பார்த்தவர்.

ஆப்ரியில் இந்தக் கணக்கு மாறும். டபிள்யூ.எஸ்.எம்.மின் வட்டம் பாதி நாடு. வட்டமே தீராது. அதனால்தான் எல்லோருக்கும் அங்கே போக ஆசை.

#4 மத்திய அலை

அந்த வட்டம் எப்படி வந்தது என்று சொல்லாமல் விடக்கூடாது. 650 கிலோஹெர்ட்ஸ், 1932 முதல் 50,000 வாட். இரவில் அந்த அலைவரிசையில் வேறு நிலையம் குறுக்கிடாதபடி ஒதுக்கப்பட்டது. பகலில் தரையோடு போகும் அலை மட்டும். சூரியன் மறைந்ததும் வளிமண்டலத்தில் அலையை விழுங்கும் கீழ் அடுக்கு கரைந்துவிடும், மேல் அடுக்கில் பட்டு அலை திரும்பி வரும். சனிக்கிழமை இரவு என்பது வேலை முடிந்த நேரம் மட்டுமில்லை, மத்திய அலைக்கு மிக நல்ல நேரமும் அதுதான்.

நாஷ்வில் பக்கத்தில் பிரென்ட்வுட்டில் இன்னும் நிற்கும் வைர வடிவக் கோபுரம் முதலில் 878 அடி. பிறகு 808 அடியாகக் குறைத்தார்கள். உயரம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். 650 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 461 மீட்டர். 878 அடி என்பது அதில் 0.58 பங்கு, 808 அடி 0.53 பங்கு. அரை அலைநீளத்தை ரொம்பத் தாண்டினால் செங்குத்தான கோணத்தில் ஒரு கிளை அலை மேலே போய், பக்கத்து ஊர்களிலேயே திரும்பி விழும். அங்கே தரை அலையும் வந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்து, ஒலி ஏறி இறங்கும். இந்தத் தொல்லை இருந்தது. எழுபது அடி வெட்டியதும் சரியானது. கார்ட்டர் சகோதரிகள் வந்தபோது ஒலித்தது இந்தக் குறைத்த கோபுரம்தான்.

#5 அகிலா

#3இல் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது அண்ணா. ஆப்ரியில் சேர்ந்தால் பணம் என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மேடையில் கொடுத்தது வாத்தியக்காரர் சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிதான். பணம் வந்தது 'ஆப்ரி புகழ்' என்ற ஒட்டுச் சீட்டோடு வெளியூரில் நடத்திய கச்சேரிகளில். அந்தக் கச்சேரிகளை ஏற்பாடு செய்ததும் டபிள்யூ.எஸ்.எம்.மின் கலைஞர் பிரிவுதான், அதற்குத் தரகு உண்டு. 1946 முதல் அதைக் கவனித்தவர் ஜிம் டென்னி.

பதிலுக்கு ஆப்ரி கேட்டது ஒன்றே ஒன்று, சனிக்கிழமை. ஊர் ஊராகப் பாடுகிறவனுக்கு அதிகக் கூட்டம் வரும் நாளும் சனிக்கிழமைதான். அதைக் கொடுத்துவிட வேண்டும். வெள்ளி இரவு எங்கே பாடினாலும் சனி மாலைக்குள் நாஷ்வில் திரும்ப வேண்டும், அதுவும் மாநிலங்களுக்கிடையே நால்வழிச் சாலை வராத காலத்தில். 1960களில் இது வருடத்துக்கு 26 சனிக்கிழமை என்று எண்ணிக்கையாகவே ஆனது. 1964 டிசம்பரில் அந்த எண்ணிக்கை தேறாத 12 பேரை நீக்கினார்கள்.

உறுப்பினர் என்ற சொல்லை விருது மாதிரி இன்று பேசுகிறோம். 1950இல் அது ஒரு ஒப்பந்தம். நம் தலையில் இந்த வித்தியாசம் இல்லாவிட்டால், ஒரு குடும்பம் வந்த அழைப்பை ஏன் திருப்பித் திருப்பி மறுத்தது என்பது புரியாது.

#6 ரைமன் படிக்கட்டு

சரியாகச் சொன்னீர்கள் அகிலா. இனி செட் விஷயம்.

அப்போது அவருக்கு வயது 25, 26. ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்தில் 1947லேயே பதிவு செய்துவிட்டார். ஆப்ரியும் அவருக்குப் புதிது இல்லை, 1946இல் பாடகர் ரெட் ஃபோலியின் வாத்தியக்காரராக வந்து கொஞ்ச காலம் இருந்தார். தேசிய ஒலிபரப்புப் பகுதியில் அவருக்கு இருந்த தனி வாசிப்பை எடுத்துவிட்டதும் கிளம்பிவிட்டார்.

1949, 50இல் ஆப்ரி கார்ட்டர்களைக் கேட்டபோது சொன்னது, நீங்கள் வாருங்கள், கித்தார்க்காரர் வேண்டாம். காரணமாகச் சொல்லப்படுவது, நாஷ்வில் வாத்தியக்காரர்களின் பயம். ஊரில் பதிவு வேலை அப்போதுதான் பெருகத் தொடங்கியிருந்தது, இருக்கும் வேலையை இவர் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தார்கள். எக் மசியவில்லை. செட் இல்லாமல் குழு வராது என்றார். அழைப்பு மறுபடி வந்தது, மறுபடியும் அதே பதில். கடைசியில் ஆப்ரி இறங்கி வந்தது.

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். செட் வந்தார், நாஷ்வில் பதிவுகளில் முக்கியக் கித்தார்க்காரர் ஆனார், 1957இல் ஆர்.சி.ஏ.வின் நாஷ்வில் பிரிவையே நடத்தத் தொடங்கினார். ஆனால் குடும்பம் பிடிவாதம் பிடித்ததிலும் நியாயம் உண்டு. செட் அங்கே வெறும் பக்கவாத்தியம் இல்லை. அம்மா, மூன்று பெண்கள் என்று இருந்த மேடையில் ஒரு தனி ஆவர்த்தனம் வாசிக்க ஆள் கிடைத்ததும், அரை மணி நேர நிகழ்ச்சியைத் தாங்களே நிரப்பும் பலம் வந்தது. ஹெலன் பாட்டு, அனிட்டாவின் மேல்ஸ்தாயிக் குரல், ஜூனின் நகைச்சுவை, செட்டின் வாசிப்பு, கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு பக்திப் பாட்டு. விளம்பரதாரருக்கு வேறு ஆளே தேட வேண்டாம்.

#7 நள்ளிரவு நேயர்

'விளம்பரதாரர்' என்கிறீர்களே, ஆப்ரி முழுக்க ஒரே நிகழ்ச்சி இல்லையா?

#8 ரைமன் படிக்கட்டு

இல்லை, அது பல துண்டுகளைக் கோர்த்த மாலை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விளம்பரதாரர், ஒரு முன்னணிப் பாடகர், அவர் கூப்பிடும் விருந்தினர். 1939 அக்டோபர் முதல் ஒரு அரை மணித் துண்டு மட்டும் பிரின்ஸ் ஆல்பர்ட் புகையிலை செலவில் என்.பி.சி. என்ற நாடு தழுவிய வானொலி வலை வழியாகப் பல ஊர் நிலையங்களுக்குப் போனது. அதற்கு மட்டும் எழுத்துப் பிரதி, ஒத்திகை, வினாடிக் கணக்கு. மற்ற துண்டுகளில் ஒத்திகை கிடையாது. மேடை ஓரத்தில் பேசிக்கொள்வதுதான்: எந்தப் பாட்டு, என்ன சுருதி, யார் தொடக்கம். அதைக் கேட்டு அப்படியே ஏறி வாசிக்கத் தெரிய வேண்டும்.

குடும்பக் குழுவுக்கு இங்கேதான் ஆதாயம். வெளியாள் ஐந்து பேரைச் சேர்த்தால் முடிவை எப்படி முடிப்பது என்பதே தகராறு. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அம்மாவின் தலையசைப்பு போதும்.

#9 மத்திய அலை

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். "ஒலிக்கலவை" என்ற சொல்லை இன்றைய அர்த்தத்தில் எடுத்தால் தப்பாகிவிடும். அன்று கலவை மேடையிலேயே, யார் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதில் நடந்தது.

அந்தக் கால வானொலி அரங்குகளில் இருந்தவை பெரும்பாலும் ரிப்பன் மைக். காந்தத்துக்கு நடுவே சில மைக்ரான் தடிமனில் ஒரு அலுமினியப் பட்டை. முன்னாலும் பின்னாலும் சமமாகக் கேட்கும், இரண்டு பக்கமும் செவிடு. எட்டு என்ற எண்ணைப் படுக்கப் போட்ட மாதிரி. மேடையில் வைத்தால் ஒரு முகம் பாடகருக்கு, மறு முகம் கூட்டத்துக்கு. கைதட்டல் தனி மைக் இல்லாமலே உள்ளே வந்துவிடும். அரங்க ஒலிபெருக்கியைச் செவிட்டுப் பக்கம் பார்த்து வைக்காவிட்டால் ஊளையிடும்.

தூரக் கணக்கு எளிது. தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். பாடுகிறவர் 30 செ.மீ.யில் நின்றால், அதே சத்தமுள்ள வாத்தியம் 60 செ.மீ.யில் 6 குறைவு, 120இல் 12 குறைவு. இந்தப் படியை வைத்து ஐந்து பேரை நிறுத்திப் பாருங்கள்:

பாடும் தலைகள் மைக்குக்கு அருகில், நெற்றியோடு நெற்றி ஒட்டுகிற மாதிரி. அக்கார்டியன் சத்தமான வாத்தியம், அதனால் ஹெலன் பாடும்போது துருத்தியை மெதுவாக இழுக்க வேண்டும், வாசிப்பு மட்டும் என்றால் ஓர் அடி பின்வாங்க வேண்டும். டபுள் பேஸ் பெரிய பெட்டி, அனிட்டா பாடவும் வேண்டும், வாசிக்கவும் வேண்டும், ஆகவே தலை மைக்குக்குள், பெட்டி செவிட்டுப் பக்கம் சாய்ந்து. கித்தாரின் தனி வாசிப்பு வரும்போது பாடகர்கள் விலகி, மேபெல் கித்தாரைத் தூக்கி மைக்குக்கு 20, 25 செ.மீ. வரை கொண்டுபோக வேண்டும்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்: பக்கவாட்டில் நின்று பாடுவது (குரல் காணாமல் போகும்), நேராக ஊதுகிற மாதிரி ப, ட எழுத்துகளை உச்சரிப்பது (பட்டை நெளிந்து இழுபட்டுவிடும், பிறகு அந்த மைக் கரகரக்கும்), ரொம்பக் கிட்டப் போவது. ரிப்பனுக்கு அருகில் போகப் போகக் கீழ்ஸ்தாயி வீங்கும், ஆண் குரல் பீப்பாயில் பேசுகிற மாதிரி ஆகிவிடும். பெண் குரலுக்கு அதே குணம் கொஞ்சம் உடம்பு கொடுக்கும், அதனால் அனிட்டா மாதிரி மேல்ஸ்தாயிக் குரலுக்கு ரிப்பன் நன்றாகப் பொருந்தும்.

#10 சுருதி சேர்

சுருதியைப் பற்றி யாரும் பேசவில்லையே. அக்கார்டியன் உலோக நாக்குகளால் ஆனது, மேடையில் ஏற்றவோ இறக்கவோ முடியாது. நம் ஹார்மோனியம் மாதிரிதான். குழுவில் அக்கார்டியன் இருந்தால் மற்ற எல்லோரும் அதற்குப் பணிய வேண்டும். முதலில் அக்கார்டியனில் ஒரு ஸ்வரத்தை மெதுவாகப் பிடித்து வைத்துக்கொண்டு (வேகமாகத் துருத்தினால் நாக்கு ஒரு மயிரிழை இறங்கிக் கேட்கும்) டபுள் பேஸ், பிறகு கித்தார், கடைசியில் ஆட்டோஹார்ப். ஆட்டோஹார்ப்பைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், 36 கம்பி. முதலில் அதைச் சேர்த்தால் கித்தார் சேர்க்கும் நேரத்துக்குள் அது போய்விடும்.

ரைமன் 1892இல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டியது. ஆப்ரி அங்கே இருந்த காலத்தில் குளிரூட்டும் வசதி கிடையாது. கோடையில் உள்ளே பெஞ்சு பெஞ்சாக ஜனம், மேலே விளக்குகள். சூட்டில் எஃகுக் கம்பி நீளும், சுருதி இறங்கும். அதே நேரத்தில் ஈரக்காற்றில் மரப்பலகை உப்பும், சுருதி ஏறப் பார்க்கும். இரண்டும் எல்லாக் கம்பியிலும் ஒரே அளவில் நடக்காது. மெல்லிய கம்பி முதலில் கெடும். ஆகவே மேடைக்குப் பக்கத்திலேயே வாத்தியத்தைப் பெட்டி திறந்து கால் மணி நேரமாவது வைத்திருந்து, அதற்குப் பிறகே சேர்க்க வேண்டும்.

#11 நள்ளிரவு நேயர்

ஆட்டோஹார்ப் என்றால் என்னவென்று கேட்டு எனக்குத் தனியாக ஒருவர் எழுதினார். யாராவது விளக்கினால் நல்லது.

#12 சுருதி சேர்

பார்க்க நம் சுரமண்டலம் மாதிரி இருக்கும், தட்டைப் பெட்டி, குறுக்கே கம்பிகள். வித்தியாசம் என்னவென்றால் கம்பிகளுக்கு மேலே மரச் சட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் ஃபெல்ட் துணி, அதில் சில இடங்கள் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். சட்டத்தை அழுத்தினால் அந்தக் கார்டில் (சேர்ந்து ஒலிக்க வேண்டிய ஸ்வரக் கூட்டு) சேராத கம்பிகள் எல்லாம் துணியில் மாட்டி ஊமையாகிவிடும், சேரும் கம்பிகள் மட்டும் வெட்டுக்கு நடுவே தப்பி ஒலிக்கும். அழுத்திக்கொண்டு வருடினால் கார்டு தயார்.

மேபெல் இதில் செய்த மாற்றம்தான் இந்த இழைக்குத் தொடர்பானது. அதுவரை இதை மடியிலோ மேஜையிலோ படுக்க வைத்து, சட்டங்களுக்குக் கீழே இருக்கும் குட்டை இடத்தில் வாசிப்பார்கள். ஆப்ரி மேடையில் எல்லோரும் நின்று பாட, மடியில் இருக்கும் வாத்தியம் மைக்குக்கு எங்கே எட்டும்? மேபெல் அதை நிமிர்த்தி மார்போடு அணைத்துப் பிடித்தார். இடது கை சட்டங்களின் மேல், வலது கை அதைக் குறுக்காகத் தாண்டிப் போய்ச் சட்டங்களுக்கு மேலே, கம்பியின் நடுப்பகுதியில் வாசிக்கும். இதில் இரண்டு லாபம். வாத்தியம் வாய் உயரத்துக்கு அருகில் வந்துவிட்டது, பாடும் அதே மைக் அதையும் எடுத்துக்கொள்ளும். கம்பியின் ஓரத்தில் மீட்டினால் வரும் தகரச் சத்தம் போய், நடுவில் மீட்டும்போது உருண்ட ஒலி வந்தது. இன்று ஆட்டோஹார்ப் வாசிப்பவர்கள் பெரும்பாலும் நிமிர்த்திப் பிடித்துத்தான் வாசிக்கிறார்கள்.

மெட்டு வாசிப்பதற்குச் சூட்சுமம்: மெட்டின் ஸ்வரம் எந்தக் கார்டில் இருக்கிறதோ அந்தச் சட்டத்தை அழுத்தி, அந்த ஸ்வரம் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து கிள்ள வேண்டும். துல்லியமாக ஒரே கம்பியில் விழ வேண்டியதில்லை, பக்கத்துக் கம்பியைத்தான் துணி அடக்கிவிட்டதே. கெடுவது எங்கே என்றால், சட்டத்தை அரைகுறையாக அழுத்துவதில். பாதி அடங்கிய கம்பி சீறும். துணி பழசாகிக் கம்பி பதிந்த பள்ளம் விழுந்தாலும் இதே சீறல்தான். துணியை உரித்து அதே தடிமனில் புதுசு ஒட்டி, வெட்டு இடங்களைக் கம்பிக்கு நேராகப் பார்த்துச் செதுக்க வேண்டும்.

#13 கட்டைவிரல்

கித்தார் பக்கம் நான் சொல்கிறேன். செட் வந்தார் செட் வந்தார் என்று பேசிவிட்டு மேபெலின் கையை விட்டுவிடக்கூடாது. கார்ட்டர் ஸ்க்ராட்ச் என்று பெயர் வாங்கிய பாணி அது. அவரிடம் இருந்தது 1928 மாதிரி கிப்சன் எல்-5, அந்தக் காலத்தில் 275 டாலர். இன்று நாஷ்வில் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கட்டைவிரலில் ஒரு பிளாஸ்டிக் வளையப் பிக் (மீட்டும் வில்லை). அது தடித்த கம்பிகளில் மெட்டை வாசிக்கும். ஆட்காட்டி விரல் மெல்லிய கம்பிகளைக் கீழும் மேலும் வருடித் தாளம் கொடுக்கும். ஒரே ஆள் மெட்டும் தாளமும். சி கார்டு வடிவத்தில் பிடித்துக்கொண்டால் ஸ்வரம் இப்படி விழும் (1ஆம் கம்பி மெல்லியது, 6ஆம் கம்பி தடித்தது; ஃப்ரெட் என்பது கித்தார் கழுத்தில் இருக்கும் உலோகக் கட்டு):

5ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட் ச
4ஆம் கம்பி திறந்து ரி
4ஆம் கம்பி 2ஆம் ஃப்ரெட் க
4ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட் ம
3ஆம் கம்பி திறந்து ப
3ஆம் கம்பி 2ஆம் ஃப்ரெட் த

ச, க இரண்டும் கார்டைப் பிடித்த விரலிலேயே இருக்கின்றன. ரி, ப திறந்த கம்பி. ஆகவே ம, த இரண்டுக்கு மட்டும்தான் விரல் நகர வேண்டும். இதனால்தான் அவர் பெரும்பாலும் சி வடிவத்தையே விரும்பினார். சாராவின் குரல் தாழ்ந்தது என்பதால் பழைய பதிவுகளில் கித்தாரையே இறக்கிச் சுருதி வைத்தார். பெண்களோடு பாடியபோது குரல்கள் மேலே. அதற்கு கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி): 2ஆம் ஃப்ரெட்டில் போட்டால் அதே விரல், இரண்டு கட்டை. 4ஆம் ஃப்ரெட்டில் மூன்று கட்டை.

இந்தக் கையைப் பற்றி, ஏ.பி.யோடு பாட்டுத் தேடி ஊர் ஊராகப் போன கறுப்பினக் கித்தார்க்காரர் லெஸ்லி ரிடிலின் பங்கைச் சொல்லாமல் பேசுவது நியாயமில்லை. அவர் வாசிப்பைப் பார்த்து மேபெல் கற்றுக்கொண்டவை உண்டு.

#14 மத்திய அலை

#13க்கு ஒரு ஒட்டு. ஆப்ரி மேடையில் அப்போது டிரம் செட் வழக்கமில்லை, நீண்ட காலம் எதிர்ப்பு இருந்தது. ஆக தாளம் முழுக்கக் கம்பிகளிடம். மேபெலின் வருடலும் அனிட்டாவின் பேஸும்தான் அந்தக் குழுவுக்கு மிருதங்கம். வருடல் ஒரு நூல் தள்ளினாலும் வானொலியில் நிகழ்ச்சியே தள்ளாடும்.

#15 அகிலா

குடும்பக் குழுவாக இருப்பதன் இன்னொரு பக்கத்தையும் பதிவு செய்கிறேன். 1940இல் ஆப்ரி பாடகர் ராய் ஏகஃப் சிபாரிசில் வில்பர்ன் குடும்பத்துக் குழந்தைகள் ஆப்ரிக்கு வந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் குறுக்கே வந்தது, ஆறு மாதம்போல இருந்துவிட்டுக் கிளம்பினார்கள். 1953இல் பெரியவர்களாகத்தான் வில்பர்ன் சகோதரர்கள் திரும்பினார்கள். கார்ட்டர் பெண்கள் சேர்ந்தபோது ஹெலனுக்கு 22, ஜூனுக்கு 20 அல்லது 21, கடைக்குட்டி அனிட்டாவுக்கு 17. எக்ஸ்.இ.ஆர்.ஏ.வில் பாடிய வயதிலேயே வந்திருந்தால் இவர்களுக்கும் அதே கதி நேர்ந்திருக்கலாம்.

அடுத்தது, கல்யாணம், பிள்ளைப்பேறு. ஒருத்தி இல்லாவிட்டால் ஒரு குரல் இல்லை, ஒரு வாத்தியமும் இல்லை. வாடகைக்கு ஆள் போட்டால் அந்தக் குரல் ஒட்டு வராது. இந்தச் சகோதரிகள் ஒவ்வொருவரும் ஒன்றுக்கு மேற்பட்ட வாத்தியம் பழகியிருந்தது இதற்கு நல்ல காப்பு.

மூன்றாவது, தனிப்பெயர். 1951இல் அனிட்டா பாடகர் ஹாங்க் ஸ்னோவோடு பாடிய இசைத்தட்டு நன்றாகப் போனது. ஜூன் நகைச்சுவையில் தனியாகப் பெயர் எடுத்தார். குழுவை உடைக்காமல் ஒருவரை மேலே விடுவது ஒரு கலை. மேபெல் அதை அமைதியாகச் செய்தார் என்பதில் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

#16 நள்ளிரவு நேயர்

இன்றைக்கும் குடும்பக் குழுக்கள் சேர்கின்றனவா? நடைமுறை மாறிவிட்டதா?

#17 ரைமன் படிக்கட்டு

சேர்கின்றன. 1984இல் தி வைட்ஸ்: அப்பா பக் வைட், மகள்கள் ஷேரன், செரில். 2021 செப்டம்பரில் தி ஐசக்ஸ்: அம்மா லில்லி, பிள்ளைகள் பென், சோன்யா, பெக்கி, ப்ளூகிராஸ் பக்தி இசை.

விண்ணப்பம் போட முடியாது. நிர்வாகம் தேர்ந்தெடுக்கும், பழைய உறுப்பினர் ஒருவர் வந்து பெரும்பாலும் மேடையிலேயே, பாட்டுக்கு நடுவே கேட்பார். பிறகு வேறொரு நாளில் முறையாகச் சேர்த்துக்கொள்வார்கள். 26 சனிக்கிழமை என்ற பழைய கெடுபிடி தளர்ந்துவிட்டது. ஆனால் அடிக்கடி வந்து பாட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அப்படியே இருக்கிறது. ஒரு முறை மேடை ஏறினால் பொதுவாக இரண்டு, மூன்று பாட்டுத்தான்.

இடமும் மாறிவிட்டது. ரைமனில் 1943 ஜூன் முதல் 1974 மார்ச் 15 வரை. மறுநாள் 16ஆம் தேதி புது ஆப்ரி ஹவுஸ். போகும்போது ரைமன் மேடையிலிருந்து ஆறடி அகல ஓக் வட்டம் ஒன்றை வெட்டி எடுத்துப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். 2010 மே வெள்ளத்தில் மேடைக்கு மேல் தண்ணீர் நின்றது. அந்த வட்டத்தைக் காப்பாற்றி, சரிசெய்து, செப்டம்பரில் மறுபடி பதித்தார்கள். கார்ட்டர்கள் பாடிய அதே பலகையில்தான் ஐசக்ஸ் நின்றார்கள் என்று சொல்லும்போது அது அலங்காரப் பேச்சில்லை.

#18 சுருதி சேர்

ஐசக்ஸ் பாடும்போது கவனியுங்கள், ஆளுக்கொரு மைக் இருந்தும் பல இடங்களில் தோளோடு தோள் நெருங்கித்தான் நிற்பார்கள். பக்கத்து ஆளின் குரல் காதில் நேராக விழுந்தால்தான் உயிரெழுத்துகள் ஒரே வாய்த்திறப்பில் வரும். ஆ என்பதை ஒருத்தர் அகலமாகவும் ஒருத்தர் குவித்தும் பாடினால் சுருதி சேர்ந்திருந்தாலும் குரல் சேராது.

#19 நள்ளிரவு நேயர்

கட்டைவிரல் அண்ணனிடம் ஒரு கேள்வி. நீங்கள் கொடுத்த ஸ்வர வரிசையை ஒருவர் முயன்றுவிட்டு, மெட்டே கேட்கவில்லை, வருடல் மட்டும்தான் கேட்கிறது என்கிறார். என்ன தப்பு?

#20 கட்டைவிரல்

பொதுவாக நடப்பதுதான். ஆறு கம்பியையும் வருடுகிறார் என்று அர்த்தம். வருடல் 1, 2, 3 கம்பிகளைத் தாண்டக்கூடாது, அதிலும் முதல் இரண்டு போதும். மணிக்கட்டை அசைக்காமல் விரல் கணுவை மட்டும் அசைத்தால் தானாகவே சத்தம் குறையும்.

பழகும் முறை: முதல் வாரம் வருடலே வேண்டாம். கட்டைவிரலால் மட்டும் மெட்டை வாசிக்கட்டும், கார்டை இடது கை விடாமல் பிடித்திருக்கட்டும். மெட்டு தனியாக நின்று பாட்டாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடுத்த அரைத் தட்டில் ஒரே ஒரு கீழ் வருடல். அது சரியான பிறகே மேல் வருடல். கட்டைவிரலின் பிக் தளர்வாக இருந்தாலும் மெட்டு மங்கும். வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு இளக்கி, விரலில் மாட்டி அழுத்திப் பிடித்து ஆறவிட்டால் அளவுக்குப் படியும். கம்பி 12இல் (அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு) தொடங்கும் தடிமன் இருக்கட்டும், 10 போட்டால் கீழ்க் கம்பிகளுக்கு உடம்பு இருக்காது.